கண்ணளவில் போட்ட துளை

ஏற்காட்டு மலையில், கொட்டச்சேட்டுக்கு மேலே உள்ள எஸ்டேட்டில், காப்பிப் பழ மூட்டையோடு சரிவில் இறங்குவதில் செல்வமேரியை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டு அறுவடைக்கு முன்பு வரை அவளைப் பிடிக்காதவர்களும் இதை ஒத்துக்கொண்டார்கள். ஆண்களே காலைப் பக்கவாட்டில் வைத்து, ஒரு சில்வர் ஓக் மரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கை மாற்றி மாற்றி இறங்குகிற இடத்தில், அவள் தார் ரோட்டில் போவதுபோல நேராக இறங்குவாள். வாய் காலைவிட வேகம். எடை போடும்போது தராசு முள் நிற்பதற்குள் ரைட்டர் முருகேசன் எழுதப் போனால், "முள்ளு இன்னும் ஆடிட்டு இருக்குதுங்க, அது உக்காரட்டும். உங்களுக்கு என்ன பஸ்ஸா போகுது?" என்பாள். வரிசையில் நிற்கும் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். முருகேசன் சிரிக்க மாட்டார்.

அந்த வேகம்தான் அவளை விழவைத்தது என்று பிறகு பேசிக்கொண்டார்கள். அது பொய். மழை விட்ட மறுநாள், மக்கிய இலைக்கு அடியில் ஒரு வேர் வளையம்போல் நின்றது. இடது பாதம் அதற்குள் போய் மாட்டியது. தலைமேல் மூட்டை, உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. முழங்காலுக்குள் காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் அவளுக்குக் கேட்டது. பொழுது சாய்வதற்குள் முட்டி பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருந்தது. "எக்ஸ்ரேலயே ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சு, அப்புறம் என்ன?" என்றார் முருகேசன். எலும்பைத் தவிர காலுக்குள் வேறு எதுவும் கிடையாது என்பது அவர் நினைப்பு. ஊரில் பாதிப் பேருக்கு அதே நினைப்புதான். ஐந்து மாதம் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, வழுக்கி வழுக்கிப் போகும் முட்டியோடு அவள் வேலைக்குப் போனாள். பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுத்து, இரண்டு எலும்பையும் உள்ளே இழுத்துப் பிடிக்கிற ஜவ்வு முழுசாக அறுந்துபோயிருக்கிறது என்றார்கள். அது எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாதாம். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில், காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நடந்தது. தொடையிலிருந்து கயிறு மாதிரி ஒரு தசைநாரை எடுத்து, மேல் எலும்பில் ஒரு துளை, கீழ் எலும்பில் ஒரு துளை போட்டு, இரண்டையும் இணைத்துக் கட்டி அனுப்பினார்கள்.

சொன்ன பயிற்சியில் ஒன்றைக்கூட அவள் விடவில்லை. புருஷன் பாக்கியநாதன் ஏற்காட்டில் பெயின்ட் அடிக்கும் வேலை முடித்து வந்ததும் கட்டிலோரம் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவான். அவள் குதிகாலை இழுத்து இழுத்து முட்டியை மடக்குவாள். ஆபரேஷன் முடிந்த ஏழாம் மாதம், தண்ணீர்க் குழாய்க்குப் போகிற நாலு படியில் மூன்றாவது படி இறங்கும்போது முட்டி மறுபடியும் பொசுக்கென்று விலகியது. குடம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

ஆபரேஷன் செய்த டாக்டர் மூன்று நிமிடம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மலையில ஏறி இறங்கியிருப்பீங்க. சொன்னா கேக்கறதில்ல. நான் பண்ணுனது நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வேலைக்குப் போகலாம் என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டு எஸ்டேட் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து குற்றம் முழுக்க அவளுடையதாகிவிட்டது. எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஈஸ்டருக்குக் கோயிலுக்கு நடந்து போனாளே, அதுதான். கிழங்கு தின்றாளே, வாயு பிடித்துக்கொண்டது. பயிற்சி செய்கிறேன் என்று புருஷனை ஏமாற்றினாள். பாக்கியநாதனே ஒருநாள், "நீ அந்தக் கடைசிப் பயிற்சிய மட்டும் கொஞ்சம் அவசரமாச் செஞ்ச மேரி" என்றான். அன்று அவனுக்கு ராத்திரிச் சோறு கிடைக்கவில்லை.

அவள் சரிவில் பின்பக்கமாக இறங்கப் பழகிக்கொண்டாள். முன்னே இறங்கினால் முட்டி விலகும். திரும்பி நின்று, மலையைப் பார்த்தபடி, ஏணியில் இறங்குவதுபோல் இறங்கினால் விலகாது. எஸ்டேட்டிலேயே வேகமாக இறங்கியவள், செடியைப் பிடித்துக்கொண்டு முதுகு காட்டி இறங்குவதைப் பார்த்து முருகேசன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "டாக்டரே ஃபிட்டுன்னு எழுதிட்டாரு. இன்னும் நொண்டுனா அது காலு நொண்டல் இல்ல மேரி. மனசு நொண்டல்."

அவள் மீதிச் சரிவையும் முதுகு காட்டியே இறங்கினாள்.

அக்டோபரில் முருகேசன் கெடு வைத்தார். "நவம்பர் மொதத் திங்கக்கெழம பழம் எடுப்பு ஆரம்பம். அன்னிக்கு நீ மூட்டையோட எறங்கோணும். இல்லீன்னா, ஏன் எறங்க முடியலைன்னு நான் நம்பற மாதிரி ஏதாச்சும் காட்டோணும். ரெண்டும் இல்லையா, பேர வெட்டிருவேன்."

பேரை வெட்டினால் வீடு போகும். வீட்டுக்கு ஒருவராவது எஸ்டேட் பதிவில் இருந்தால்தான் லைன் வீட்டில் இருக்கலாம். பாக்கியநாதனின் பெயின்ட் வேலை அதற்குக் கணக்கில்லை. ஆனால் செல்வமேரியைத் தூங்கவிடாமல் செய்தது வீடு மட்டுமல்ல. தப்பு தன்னுடையது இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதை வெளியே எடுத்துக் காட்ட வழியில்லை. முழங்காலைத் திறந்தா காட்ட முடியும்?

*

அதற்கு வழி இருக்கிறது என்று சொன்னவர் சேலம் அரசு மருத்துவமனையில் இருந்த டாக்டர் மேகலா. முப்பத்தைந்து வயது இருக்கும். செல்வமேரியைப் படுக்கவைத்து, முட்டியை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையையும் ஒரு கையால் கெண்டைக்காலையும் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார். கால் இழுப்பறைபோல் வெளியே வந்தது. அவர் முகம் மாறியதைச் செல்வமேரி கவனித்தாள்.

"மலையில நடந்ததாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்றதுன்னா இப்பவே சொல்லிருங்க டாக்டரம்மா. நான் அடுத்த பஸ்ஸுக்குப் போறேன்."

"நடந்தா என்னங்க? நடக்கறதுக்குத்தானே ஆபரேஷனே பண்றது" என்றார் மேகலா. "துளை எங்க இருக்குன்னு பாக்கணும். சி.டி. ஸ்கேன் எடுத்துட்டு வாங்க."

மாலையில் கம்ப்யூட்டரில் படம் வந்தது. வெள்ளையும் கறுப்புமாகப் புகை மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்த செல்வமேரி திடுக்கிட்டாள். அது எலும்பு. கையில் எடுத்துப் பிடிக்கலாம் போல முழு எலும்பு. மேகலா சுட்டியை நகர்த்த நகர்த்த அது சுற்றியது. பிறகு தொடை எலும்பின் குமிழில் ஒரு பாதியை எடுத்துவிட்டு, மறுபாதியின் உட்சுவரை மட்டும் காட்டினார். அந்தச் சுவரில் வட்டமாக ஒரு ஓட்டை.

"இதுதான் உங்களுக்குப் போட்ட துளை."

பிறகு அந்தச் சுவரின்மேல் கோடு இழுத்து, நாலுக்கு நாலாகக் கட்டம் போட்டார். பின்பக்கக் கட்டம் ஒன்றில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தார். "ஜவ்வு பொறந்ததுலருந்து ஒட்டியிருந்த எடம் இது. துளை இங்க இருக்கணும்."

சிவப்புப் புள்ளி ஒரு பக்கம். ஓட்டை நன்றாக முன்னால் தள்ளி வேறு பக்கம். படிக்காதவர்களுக்கும் தெரியும்.

"முன்னால கட்டிட்டா, முட்டிய மடக்க மடக்க அந்தக் கயிறு விறைக்கும். தெனமும் கொஞ்சம் கொஞ்சமா இழுபட்டு லூஸாயிரும். நீங்க கட்டில விட்டு எறங்காம இருந்திருந்தாலும் அது போயிருக்கும். உங்க தப்பு இதுல ஒண்ணுமே இல்லைங்க."

செல்வமேரி வெகுநேரம் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று மேகலா டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தார். அழுகை வரவில்லை.

"ஏனுங்க டாக்டரம்மா, இந்தக் கட்டம் போட்டுப் பாக்கறது ஆபரேஷனுக்கு முன்னாலயே முடியாதுங்களா?"

"முடியும். ஆபரேஷன் நடக்கறப்பவே எக்ஸ்ரே மெஷினைப் பக்கத்துல வெச்சு, மொதல்ல மெல்லிசா ஒரு கம்பியக் குத்தி, எடம் சரியான்னு படத்துல பாத்துட்டு அப்புறம் துளை போடலாம். நான் அப்படித்தான் போடறேன்."

"அப்ப அவுரு?"

மேகலா கொஞ்சம் யோசித்தார். "அனுபவத்துல கண்ணாலயே பாத்துப் போடறவங்களும் இருக்காங்க. ரொம்பப் பேருக்குச் சரியாவும் அமையும்."

"கண்ணளவா?" செல்வமேரியின் குரல் உயர்ந்தது. வெளியே நின்றிருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தார். "ஒரு காப்பிச் செடி நடறதுக்கு நாங்க என்ன பாடு படறோம் தெரியுங்களா? முடிச்சுப் போட்ட கயித்த அந்தக் கடைசிலருந்து இந்தக் கடைசிக்கு இழுத்துப் புடிச்சு, முடிச்சுக்கு முடிச்சு முளைக்குச்சி அடிச்சு, ரைட்டரு ஒத்தக் கண்ண மூடிட்டு வரிசை பாத்து, அப்புறந்தான் கடப்பாரையே எறங்கும். ஒரு குழி அரையடி தள்ளிப் போச்சுன்னா மூடிட்டு மறுபடி தோண்டுன்னு கத்துவாங்க. ஒரு செடிக்குங்க! செத்தா வேற செடி நட்டுக்கலாம். என்ற காலுக்குக் கயிறு புடிக்க ஆளில்ல. குழியத் தப்பாத் தோண்டிட்டு, செடி காஞ்சதுக்குச் செடியையே திட்டறாரு அந்த மனுசன்!"

அவள் முடித்ததும் மேகலா, பழைய துளை இவ்வளவு முன்னால் இருப்பதில் ஒரு நன்மை உண்டு, சரியான இடம் இன்னும் தொடாமல் கிடக்கிறது, அங்கே புதுத் துளை போடலாம் என்று விளக்கினார். ஆனால் இதுவும் தவறினால் எலும்பில் இடம் மிஞ்சாது. ஆபரேஷனுக்குத் தேதி டிசம்பரில்தான் கிடைத்தது. சிவப்புப் புள்ளியும் கட்டமும் சேர்த்து அந்தப் படத்தை ஃபிலிமில் போட்டு, நீளக் கவரில் கொடுத்தார்கள்.

மலையேறும் பஸ்ஸில் அவள் அந்தக் கவரை மடியில் வைக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

*

அடுத்த பத்து நாளும் லைன் வீடுகளில் அவள் பேச்சுதான். "திங்கக்கெழம மஸ்டருக்கு எல்லாரும் வாங்க. படம் காட்டறேன்." யார் கேட்டும் முன்னாலேயே கவரைப் பிரிக்கவில்லை. முருகேசன் முகத்துக்கு நேராகத்தான் அது முதலில் திறக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை. ஆள் கணக்குப் பார்த்து மஸ்டர் எடுக்கிற தகரக் கொட்டகைக்கு முன்னால் நாற்பது பேர் கூடையோடு நின்றார்கள். பாக்கியநாதன் அன்று வேலைக்குப் போகாமல் வந்திருந்தான். முருகேசன் பேர் கூப்பிட்டு அவள் பேரில் வந்து நின்றார்.

"எறங்கறியா, காட்டறியா?"

"காட்டறேனுங்க. நல்லா வெளிச்சத்துல வந்து நில்லுங்க." கவரைப் பிரித்து ஃபிலிமை வெளியே இழுத்தாள். வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

கறுப்பு. இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை தோசைக்கல் மாதிரி ஒரே கறுப்பு. எலும்பும் இல்லை, ஓட்டையும் இல்லை. திருப்பிப் பிடித்தாள். அந்தப் பக்கமும் அதே.

முருகேசன் கழுத்தைச் சாய்த்து, நிதானமாகப் பார்த்தார். "என்ன மேரி, அமாவாசையப் படம் புடிச்சிட்டு வந்திருக்கறயா?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். எடை போடும் இடத்தில் அவளுக்காகச் சிரித்த அதே வாய்கள். முருகேசன், "சரி, போனாப் போகுது. புதன்கெழம சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன்" என்று நோட்டை மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கதவைச் சாத்தினாள்.

"கவர எங்கீங்க வெச்சீங்க?"

பாக்கியநாதன் மேலே கை காட்டினான். அடுப்புக்கு நேர் மேலே, மூங்கில் பரப்பிய அட்டாலி. மலையில் ஐப்பசி மூடுபனி எந்தக் காகிதத்தையும் விடாது. பெட்டிக்குள் வைத்தாலும் பூஞ்சை பூத்துவிடும். அதனால் எல்லா வீட்டிலும் முக்கியமான காகிதம் அடுப்புக்கு மேலேதான். ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கோயிலில் கொடுத்த கல்யாணச் சான்று எல்லாம் இருபது வருடமாக அந்த அட்டாலியில் சூடும் புகையும் பட்டு, ஓரம் பழுத்து, எழுத்து அழியாமல் இருக்கின்றன.

"ஈரம் பட்டுறப் போகுதுன்னுதான் மேரி… நல்ல எடமாப் பாத்து, அடுப்புக்கு நேரா…"

"நேராவா? நல்லாக் காஞ்சுதா? பத்து நாளு மூணு வேளை அடுப்பு. என்ற காலையே தூக்கி அடுப்புல வெச்சிருக்கலாமே!"

"எனக்கெப்படித் தெரியும்? எம்.ஆர்.ஐ. படமும் அங்கதான வெச்சேன்…"

அவள் எட்டி அதையும் இழுத்தாள். அதுவும் கறுப்பு. அது எப்போது கறுத்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வருடமாக அதை யாரும் வெளியே எடுக்கவே இல்லை.

அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டிலிருந்து பாக்கியநாதனின் தங்கை பிரிஸ்கில்லா ஓடி வந்தாள். "அண்ணி, விடுங்க அண்ணி, அவுரு வேணும்னா பண்ணுனாரு?" என்றாள். வேண்டுமென்று யாருமே எதுவும் பண்ணுவதில்லை, ஆனால் நொண்டுவது மட்டும் நான் என்றாள் செல்வமேரி. பாக்கியநாதன் மூலையில் உட்கார்ந்து, கவரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை.

*

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் சேலம் இறங்கினார்கள். இருபது வளைவிலும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மேகலா கறுத்த ஃபிலிமைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "இது சூட்டாலயே படம் விழுகிற ஃபிலிம்ங்க. மறுபடி சூடு பட்டா மொத்தமும் கறுத்துரும். சூடு படாம வைக்கணும்னு கவர்ல போட்டிருக்குமே."

"இங்கிலீசுல போட்டிருக்குதுங்க" என்றாள் செல்வமேரி. "எங்கூட்டுல அத ஆரு படிக்கறது? தர்ம ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க எல்லாம் இங்கிலீசு படிச்சுட்டா வர்றாங்க? ஒரு வரி தமிழ்ல போட்டா மை தீந்துருமா? இல்ல, குடுக்கற எடத்துல வாயால ஒரு வார்த்தை சொன்னா நாக்குத் தேஞ்சுருமா?"

மேகலா கறுத்த ஃபிலிமைக் கவருக்குள் போட்டார். "படம் எங்கியும் போகல. கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு. ஆபரேஷனுக்கு அது போதும், நீங்க கவலைப்பட வேண்டாம்."

"உங்களுக்குப் போதும். எனக்கு வேணுமுங்க."

ஃபிலிம் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம்தான் வரும் என்றார்கள் ஸ்கேன் அறையில். லெட்டர் எழுதித் தருகிறேன் என்றார் மேகலா. அந்தக் கண்ணாடிக்காரர் கொடுத்ததும் லெட்டர்தான், லெட்டருக்கு லெட்டர் சரியாகப் போகும், பெரிய தனியார் ஆஸ்பத்திரி லெட்டர்தான் ஜெயிக்கும் என்றாள் செல்வமேரி. பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். நேற்றிலிருந்து அவனிடம் பேசிய முதல் பேச்சு அது.

"போன எடுங்க. உங்க தங்கச்சியக் கூப்புடுங்க. வீடியோல. மத்தியானம் எடை போடற எடத்துல டவர் கெடைக்கும், அவ அங்கதான் நிப்பா."

மேகலா தயங்கினார். "நோயாளி படத்த நான் வெளியாளுக்குக் காட்டக் கூடாதுங்க."

"நோயாளி நாந்தானுங்க. காலும் என்றதுதான். நீங்க காட்ட வேண்டாம், நான் காட்டறேன். நீங்க சும்மா அந்தப் படத்தத் தொறந்து வெச்சிட்டு நில்லுங்க."

மேகலா நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்தார்.

போனில் முதலில் பிரிஸ்கில்லாவின் காது தெரிந்தது. பிறகு மூட்டைகள், தராசு, காக்கிச் சட்டை. "ரைட்டரண்ணா, அண்ணி பேசுதுங்க. உங்களப் பாக்கோணுமாம்." முருகேசன் முகம் திரைக்குள் பெரிதாக வந்தது.

"என்ன மேரி, இன்னிக்கு பௌர்ணமியா?"

"நல்லாப் பாருங்க." அவள் போனைக் கம்ப்யூட்டருக்கு நேராகப் பிடித்தாள். "தெரியுதுங்களா? இது என்ற எலும்பு. இந்தக் கட்டத்துல செவப்பா இருக்குது பாருங்க, அங்கதான் துளை போடோணும். இந்தா, எங்க போட்டிருக்குது பாருங்க. அங்க பாக்கறதுக்கு ஆளுக நிக்கறாங்கல்ல, எல்லாத்தையும் பாக்கச் சொல்லுங்க. பிரிஸ்கில்லா, போனச் சுத்திக் காட்டு!"

முருகேசனின் தோளுக்குப் பின்னால் தலைகள் முண்டியடித்தன. பழக்கூடையை இறக்காமலே ஒரு பெண் எட்டிப் பார்த்து, "அட சாமி! குழி எங்கியோ கெடக்குதே!" என்றாள். "வரிசை தப்பிப் போட்டிருக்கறான்" என்றது ஒரு ஆண் குரல். குழி வெட்டியே கை காய்த்தவர்கள். யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

முருகேசன் தொண்டையைச் செருமினார். "பெரிய டாக்டரு போட்டதும்மா…"

"பெரிய டாக்டரு போட்டா எலும்பு நகந்து வந்து துளைக்கு நேரா நின்னுக்குமா? நீங்க வரிசை பாக்கறவுருதானே, நீங்களே சொல்லுங்க. இது நேரா இருக்குதா?"

முருகேசன் ஒற்றைக் கண்ணை மூடித் திரையைப் பார்த்தார். மேகலா அப்போதுதான் குனிந்து திரைக்குள் வந்தார். "நான் டாக்டருங்க. இவங்க நடந்ததாலயோ பயிற்சி பண்ணாததாலயோ இது ஆகல. மறுபடி ஆபரேஷன் பண்ணி ஒரு வருசம் வரைக்கும் மூட்டை தூக்கக் கூடாது. லெட்டரும் குடுத்தனுப்பறேன்."

"சரிங்க டாக்டர். பேரு இருக்கட்டுங்க. நான் மேனேஜர்கிட்டப் பேசிக்கறேன்."

"பேரு இருக்கட்டும்" என்றாள் செல்வமேரி. "மனசு நொண்டல்னு எல்லாத்துக்கும் முன்னால சொன்னீங்களே, அது என்னாச்சு?"

"ஹலோ? ஹலோ மேரி? டவர் இல்ல போல, சரியாக் கேக்கல…"

"டவர் நல்லாத்தான் நிக்குதுங்கண்ணா, நாலு கோடு இருக்குது" என்றாள் பிரிஸ்கில்லா, போனை இன்னும் கிட்டத்தில் நீட்டி. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

முருகேசன் மூட்டைகளைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். "அப்படிச் சொல்லியிருக்க வேண்டாந்தான்" என்றார். அவரிடமிருந்து அதற்குமேல் வராது என்று செல்வமேரிக்குத் தெரியும். ஆனாலும் அதை நாற்பது பேரும் கேட்டார்கள்.

போன் நின்ற பிறகும் அவளுக்குக் கோபம் இறங்கவில்லை. மேகலாவைப் பார்த்துச் சொன்னாள்: "தப்பா நெனைக்காதீங்க டாக்டரம்மா. நீங்க நல்லவங்கதான். அவுரும் மொத நாளு நல்லாத்தான் பேசுனாரு. நீங்க போடற துளையையும் போடறதுக்கு முன்னால எனக்குக் காட்டோணும். நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, நீ நடந்துட்டேன்னு எவனும் என்மேல பழி சொல்லக் கூடாது."

"இடுப்புக்குக் கீழதான் மரத்துப் போகும். முழிச்சிருந்தீங்கன்னா காட்டறேன்."

"முழிச்சிருப்பேன்."

*

டிசம்பரில் முதுகில் ஊசி போட்ட பிறகு, தூங்குவதற்கும் ஒரு ஊசி போடட்டுமா என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டார். வேண்டாம் என்றாள். பயமாக இருக்குமே என்றார். "பயமெல்லாம் போன ஆபரேஷன்லயே முடிஞ்சு போச்சுங்க" என்றாள்.

மார்புக்குக் குறுக்கே பச்சைத் துணியைத் திரைபோலக் கட்டியிருந்தார்கள். கால் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தமும் மேகலாவின் குரலும் மட்டும் கேட்டன. வலது தொடையிலிருந்து இந்தத் தடவை கயிறு எடுத்தார்கள். வெகுநேரம் கழித்து, அரை வட்டமாக வளைந்த பெரிய எக்ஸ்ரே மெஷினை முழங்காலுக்குக் குறுக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள். சுவரோரம் இரண்டு திரைகள். ஒன்றில் அன்று பார்த்த எலும்பு, கட்டமும் சிவப்புப் புள்ளியுமாக. இன்னொன்றில் இப்போது எடுக்கிற படம்.

"ஸ்கிரீனை அவங்க பக்கம் திருப்புங்க" என்றார் மேகலா.

திருப்பினார்கள். சாம்பல் நிற எலும்புக்குள் கறுப்பாக ஊசிபோல ஒரு கம்பி. செல்வமேரி தலையைத் தூக்கி, கட்டம் போட்ட படத்தையும் இதையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்னாலிருந்து எத்தனையாவது கட்டம், மேலிருந்து எத்தனையாவது கட்டம் என்று உதடு அசைய எண்ணினாள்.

"சரியா இருக்குங்களா?" என்று கேட்டார் மேகலா. அது விளையாட்டுக் கேள்வி இல்லை என்று குரலில் தெரிந்தது.

"ஒரு முடி அளவு முன்னால நிக்கற மாதிரி இருக்குது."

தியேட்டரில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். "மேடம், நேரமாகுது" என்றது ஒரு ஆண் குரல். மேகலா திரைக்கு அருகில் போய்ப் பார்த்தார். "மெஷின் கொஞ்சம் சாஞ்சிருக்கு. நேரா வெச்சு இன்னொண்ணு எடுங்க."

இன்னொரு படம் எடுத்தார்கள். குமிழின் இரண்டு விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தி விழுந்தன. கம்பியின் நுனி சிவப்புப் புள்ளி இருந்த கட்டத்திலேயே நின்றது. செல்வமேரி மறுபடியும் எண்ணினாள்.

"ம். போடுங்க."

துளைக்கருவி ஓடத் தொடங்கியது. வலி இல்லை, இடுப்பெலும்பு வழியாக அதிர்வு மட்டும் மேலே ஏறி வந்து பல் வரைக்கும் எட்டியது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்படிக் காட்டறதுக்கு எவ்வளவு நேரமாச்சுங்க டாக்டரம்மா?"

"ரெண்டு நிமிசம்."

"ரெண்டு நிமிசம்" என்றாள் செல்வமேரி. "ரெண்டு நிமிசத்துக்குச் சோம்பல் பட்டுட்டு, வருசம் பூரா என்னையச் சோம்பேறின்னு சொல்ல வெச்சாரே அந்த மனுசன். அவுரு இன்னிக்கும் எவ கால்லயாச்சும் துளை போட்டுட்டுத்தான இருப்பாரு?"